திரை இறங்கிய பிறகும் விளக்கு எரியும் அரங்குகள்



இந்த முறை பாடத்திட்டத்தைப் பற்றியோ மதிப்பீட்டைப் பற்றியோ எழுதப் போவதில்லை. பழைய திரையரங்குகளைப் பற்றி எழுத எண்ணுகிறேன். பெக்கோக்கில் இருந்துகொண்டு திரையரங்கைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். ஓர் இரயில் நிலையம், சில கடைவரிசைகள், சுற்றிலும் செம்பனை, அதற்கப்பால் எண்டாவ் ரொம்பின் காடு. எங்கள் ஊர் அவ்வளவுதான். புதுப்படம் பார்க்க வேண்டுமானால் குளுவாங் வரை போக வேண்டும். ஆயினும், கடந்த பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலுள்ள என் தமக்கை வீட்டிற்குச் சென்றிருந்தபோது ஓர் இசை நிகழ்ச்சிக்காகக் கேப்பிட்டல் அரங்கினுள் நுழைந்ததிலிருந்து இந்தச் சிந்தனை என்னை விடவில்லை.

ஸ்டாம்ஃபர்டு சாலையும் நார்த் பிரிட்ஜ் சாலையும் சந்திக்கும் முனையில், சிட்டி ஹால் எம்.ஆர்.டி. நிலையத்தை ஒட்டி நிற்கிறது அக்கட்டடம். அதைக் கட்டுவித்தவர் பாரசீக வழிவந்த வணிகரான நமாசி. வரைந்து கொடுத்தவர்கள் கீஸ், டவுட்ஸ்வெல் என்னும் இருவர். சிங்கப்பூரின் புகழ்பெற்ற ஃபுல்லர்டன் கட்டடமும் அவர்கள் கைவண்ணமே. அரங்கு 1930இல் திறக்கப்பட்டது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்ததே 1931இல்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் வயது நமக்கு இன்னும் நன்றாக விளங்கும். ஏறத்தாழ 1,600 பேர் அமரலாம். கூரையின் குவிமாடத்தில் பன்னிரு இராசிகளின் உருவங்கள். மேடையின் இருபுறமும் சிறகு முளைத்த குதிரைகள், அவற்றின் மேல் பெண்கள். இருக்கையில் அமர்ந்து மேலே பார்த்தபோது, படம் தொடங்குமுன்பே கொடுத்த காசுக்குப் பாதி கிடைத்துவிட்டது என்று அக்காலத்தவர் எண்ணியிருப்பார்கள் என்று தோன்றியது.

அக்காலத்தில் இத்தகைய அரங்குகளை 'திரைப்பட அரண்மனை' என்றே உலகெங்கும் அழைத்தார்கள். வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்திருந்தவரும் இரண்டு மணி நேரம் அரண்மனையில் அமர்ந்து வரலாம் என்பதே அந்த வணிகத்தின் சூட்சுமம். ஊமைப்படக் காலத்தின் வழக்கங்கள் முற்றிலும் மறையாத நேரம் அது. படத்துக்கு இசைக்குழு வாசித்த, இடையிடையே ஆடலும் பாடலும் நடந்த மரபிலிருந்து வந்தவை இவ்வரங்குகள். ஆகவே திரைக்குப் பின்னால் உண்மையான மேடையும் இருந்தது. இன்று அங்கே பாட்டுக் கச்சேரி நடப்பதைப் 'புதிய பயன்பாடு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பாதி மட்டுமே சரியாகப் படுகிறது.

ஜப்பானியர் ஆட்சியில் அதன் பெயர் 'கியோ-ஏய் கெகிஜோ' ஆயிற்று. போருக்குப் பிறகு, 1946இல், ஷா சகோதரர்களின் கைக்கு வந்தது. பிற்பாடு அரசாங்கம் அதைக் கையகப்படுத்தியது. 1998ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் அங்கே இறுதிப் படம் ஓடி முடிந்தது. 2007இல் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது. மீண்டும் கதவு திறந்ததோ 2015இல்! பதினாறு ஆண்டுகளுக்கு மேல் நகரின் நட்ட நடுவில் பூட்டிக் கிடந்திருக்கிறது.

அந்த இடைவெளியைச் சொன்னபோது என் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இடிக்காமல் வைத்திருந்தால் போதாதா? உள்ளே எதற்குப் பாட்டு நடத்த வேண்டும்?"

நல்ல கேள்வி. ஆளில்லாத கட்டடம் நம் தட்பவெப்பத்தில் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. காலியான லயத்து வீட்டின் கூரை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓர் அரங்கில் குளிரூட்டி ஓட வேண்டும், கூரை ஒழுகாமல் பார்க்க வேண்டும், கரையான் வராமல் காக்க வேண்டும், தீயணைப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். இதற்கெல்லாம் மாதந்தோறும் பணம் வேண்டும். நுழைவுச்சீட்டு வாங்க யாராவது வந்துகொண்டே இருந்தால்தான் அந்தப் பணம் வரும்.

படம் மட்டும் காட்டி அவ்வளவு பெரிய அரங்கை நிரப்ப முடியாது என்பதால், பலவற்றுக்கும் பயன்படுமாறு அதை மாற்றியிருக்கிறார்கள். இருக்கைகளின் எண்ணிக்கை 900 அளவுக்குக் குறைந்தது. என்னை வியக்க வைத்தது அதன் தரைதான். சாய்வாக இறங்கும் தரையில் இருக்கைகள் வரிசையாக இருக்கின்றன. விருந்தோ கண்காட்சியோ நடத்த வேண்டுமானால், அவ்விருக்கைகள் இயந்திரத்தால் கவிழ்ந்து தரைக்கு அடியில் போய்விடுகின்றன. சில நிமிடங்களில் சமதளமான மண்டபம் கிடைத்துவிடுகிறது. நம் பள்ளிகளில் முன்பு சட்டத்தில் மாட்டிய கரும்பலகை இருக்குமே, ஒருபுறம் எழுதி மறுபுறம் புரட்டுவோமே, அதைப் போல என்று சொன்னேன். வகுப்புக்கு உடனே புரிந்துவிட்டது. (கரும்பலகையைப் பார்த்திராத தலைமுறை இது. படம் வரைந்துதான் காட்ட வேண்டியிருந்தது!)

இவ்வளவும் மெச்சத் தக்கவையே. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நுழைவுச்சீட்டின் விலையை ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தபோது நான் சற்றே தயங்கினேன். ஆசிரியர் சம்பளம் வாங்கும் எனக்கே அப்படியென்றால், எங்கள் மாணவர்களின் பெற்றோர்க்கு எப்படி இருக்கும்? எளியவனுக்கு இரண்டு மணி நேர அரண்மனை என்று கட்டப்பட்டது, காப்பாற்றப்பட்ட பின் வசதியுள்ளவர்களின் மாலைப்பொழுதுக்கு உரியதாகிவிடுகிறது. சுவரும் குவிமாடமும் பிழைத்துக்கொண்டன. அங்கே படம் பார்த்த கூட்டம் திரும்பி வரவில்லை.

இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. கோலாலம்பூரில், பத்து ரோடு என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில், 1920களின் தொடக்கத்திலிருந்து நிற்கிறது கொலிசியம் திரையரங்கு. மலாய்ப் படங்களும் இந்திப் படங்களும் தமிழ்ப் படங்களும் பல தலைமுறைகளாக அங்கே ஓடின. தீபாவளிக்கு வந்த படத்தைக் கொலிசியத்தில் பார்த்த கதையைச் சொல்லாத கோலாலம்பூர் உறவினர் எங்கள் குடும்பத்தில் இல்லை. 2006இல் அதனைக் கையகப்படுத்திப் பாரம்பரிய மையமாக்க அரசாங்கம் திட்டமிட்டது. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் உரிமையாளர்களும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நாள்தோறும் படம் ஓடும் அரங்கை நிறுத்திவிட்டு எந்தப் பாரம்பரியத்தைக் காக்கப் போகிறீர்கள் என்பதே வாதத்தின் சாரம். திட்டம் நிறைவேறவில்லை. பொன்வண்ணம் பூசிய கேப்பிட்டலைவிட, கறை படிந்த கொலிசியத்தின் கதையே எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

எல்லா அரங்குக்கும் அந்த நல்லூழ் வாய்ப்பதில்லை. 2002இல் தீப்பற்றியதும், கோலாலம்பூர் சுல்தான் சாலையிலிருந்த ரெக்ஸ் திரையரங்கில் படம் காட்டுவது நின்றுபோனது. பல ஆண்டுகள் கழித்து, 2010களின் இறுதியில், இளைஞர்கள் சிலர் பழைய சுவர்களை அப்படியே விட்டுவிட்டு அதைக் கலை நிகழ்ச்சிகளுக்கான இடமாக்கினார்கள். மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ் நாடக அரங்காகத் தொடங்கிப் படக்கொட்டகையாகி, 1990களில் மூடப்பட்டு, 2016இல் மறுபடியும் மேடை நிகழ்ச்சிகளுக்கே திரும்பியது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், 1929இல் திறந்த ஃபாக்ஸ் திரையரங்கை ஒரு தொலைபேசி நிறுவனம் 1970களில் இடிக்கவிருந்தபோது, ஊர்மக்கள் நிதி திரட்டி மீட்டார்கள். இன்று அங்கே இசையும் நாடகமும் நடக்கின்றன.

தமிழர்களாகிய நாம் என்ன செய்தோம்? மதுரையில் தங்கம் திரையரங்கு என்று ஒன்று இருந்தது. 1952 தீபாவளியன்று 'பராசக்தி' படத்தோடு திறந்தார்கள். 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் பெருமை பேசுவார்கள். அது பாட்டரங்கமாகவும் ஆகவில்லை, நாடக மன்றமாகவும் ஆகவில்லை. இடித்துவிட்டார்கள். அவ்விடத்தில் பெரிய துணிக்கடை எழுந்தது. இயலும் இசையும் நாடகமும் எங்கள் உயிர் என்று மேடைதோறும் முழங்குகிற நமக்கு, அம்மூன்றையும் அரங்கேற்ற ஏற்ற இடம் ஒன்று நகரின் நடுவே காலியாகக் கிடந்தது தெரியவில்லை. நிலத்தின் விலை மட்டும் தெரிந்தது.

சரி, அரண்மனையே இல்லாத ஊரில் ஓர் ஆசிரியையால் என்ன செய்ய இயலும்? கட்டடத்தைக் காக்க எனக்கு வழியில்லை. ஆனால் எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களில் படம் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டி, இருட்டியதும் வேனில் வந்தவர்கள் படம் காட்டினார்கள். அதற்குக் கூரையும் இல்லை, குவிமாடமும் இல்லை. ஆகவே எந்தப் பட்டியலிலும் அது பாரம்பரியமாகப் பதியப்படாது.

மாணவர்களிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தனுப்பினேன். திரை எங்கே கட்டினார்கள்? யார் எங்கே உட்கார்ந்தார்கள்? படம் இல்லாத நாளில் அத்திடலில் என்ன நடந்தது? விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு பையனின் தாத்தா, இடம் கிடைக்காமல் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்தே பல படங்களைப் பார்த்தாராம். எழுத்துகள் இடவலம் மாறித் தெரியுமாம், கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவானாம். இன்னொரு வீட்டுப் பாட்டி, கிராணி வீட்டாருக்கு மட்டும் நாற்காலி போடுவார்கள் என்றும், மற்றவர்கள் சாக்கு விரித்து அமர்ந்தார்கள் என்றும் கூறியிருக்கிறார். மூன்றாம் கேள்விக்குப் பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் எழுதி வந்தார்கள்: திருவிழா நாடகம் அதே திடலில், அதே கம்பங்களுக்கிடையே நடந்தது.

லாபிஸ், சாஆ, பாலோ பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அம்மூன்று கேள்விகளையும் அவர்களிடம் கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்நாளைய நுழைவுச்சீட்டோ துண்டு விளம்பரமோ பெட்டியடியில் கிடந்தால், ஒரு படம் எடுத்து அனுப்பினாலே போதும். அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கு, பள்ளித் திடலில் கம்பம் நட்டு மாணவர்களின் நாடகத்தை அரங்கேற்றலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். மழை வந்தால் என்ன செய்வது என்று பொருளாளர் கேட்கிறார். அதற்கு இன்னும் விடை தேட வேண்டும்.