மோட்டாரை விட்டு இறங்கியவர்

மே 4, 2021, செவ்வாய்

சார்ஜண்ட் இன்று ஒரு நோட்டு வாங்கினார். இருபத்தாறு ஆண்டு வேலையில் அவர் எழுதியதெல்லாம் அரசாங்கத்துக்கு: ஸ்டேசன் டைரி, லாக்கப் டைரி, சட்டைப் பையில் வைக்கிற சின்னப் புத்தகம். எல்லாம் மலாயில், மணி நிமிடத்தோடு. இதைத் தமிழில் ‘நான்’ என்று தொடங்கிப் பார்த்தார். நாலு வரிக்குள் அது போலீஸ் ரிப்போர்ட் ஆகிவிட்டது. அதனால் ‘அவர்’ என்றே எழுதிக்கொள்கிறார். அப்படி எழுதும்போது கொஞ்சம் உண்மை வருகிறது.

நாட்டுக்கு இன்று புதிய போலீஸ் படைத் தலைவர் பொறுப்பேற்றார். நோட்டு வாங்கியது அதற்காக இல்லை. எல்லோருடைய கைப்பேசியிலும் கணபதியின் பெயர் வந்துகொண்டே இருக்கிறது. மாட்டுப்பால் விற்றவர். வயது 40. பிப்ரவரி 24-இல் கோம்பாக்கில் பிடித்தார்கள். காவலில் இருந்து மருத்துவமனைக்குப் போய், ஒரு காலை இழந்து, ஏப்ரல் 18-இல் செலாயாங்கில் இறந்தார். அடித்தார்கள் என்கிறது குடும்பம். ஏற்கெனவே நோயாளி என்கிறது காவல்துறை.

கிள்ளானில் இந்தத் தாமானுக்குச் சார்ஜண்ட் குடிவந்து பதினெட்டு ஆண்டுகள். அடையாள அட்டை தொலைந்தால், மோட்டார் திருடுபோனால், மருமகன் கை நீட்டினால் முதலில் தட்டுகிற கதவு அவருடையது. டாக்சிக்காரருக்கு வழி சொல்கிறவர்கள்கூட “சார்ஜன் வீட்டுக்கு அடுத்த புளோக்” என்பார்கள். இன்று காலை ஒட்டுக்கடையில் தேநீரை வைத்துவிட்டு, கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். பதினெட்டு ஆண்டில் அவர் பேசாமல் போனது இதுதான் முதல் தடவை.

மே 6, வியாழன்

கிள்ளான் உட்பட சிலாங்கூரின் ஆறு மாவட்டங்களில் மறுபடியும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. ரோட் பிளாக்கில் பத்து மணி நேரம். கால் வீங்கியிருக்கிறது.

மே 8, சனி

சாப்பிடும்போது மகள் கேட்டாள்: “அப்பா, நீங்க யாரையாச்சும் அடிச்சிருக்கீங்களா?”

இல்லை என்றார். அது உண்மைதான். அவள் தலையாட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். மனைவி மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஸ்டேசனில், பக்கத்து அறையில் சத்தம் கேட்டது. முதலில் நாற்காலி இழுபடுகிற சத்தம், பிறகு அடி விழுகிற சத்தம், அதன் பின் “ஐயோ அம்மா” என்று தமிழில் ஒரு குரல். மலாயில் கத்தியிருந்தால் அவருக்கு இத்தனை நாள் நினைவில் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. அப்போது அவர் எழுந்து, குவளையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்க வெளியே போனார். குவளையில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டார்.

மே 13, வியாழன்

ஹரி ராயா. தீபாவளிக்கு மலாய்க்காரத் தோழர்கள் அவருடைய டியூட்டியைப் பார்ப்பார்கள். ராயாவுக்கு அவர்களுடையதை அவர் பார்ப்பார். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கமில்லை. இந்த ஆண்டு ஊருக்குப் போகவும் முடியாது, உறவுக்காரர் வீட்டுக்குப் போகவும் முடியாது. ஆனாலும் கார்ப்பரல் வீட்டிலிருந்து ரெண்டாங்கும் கெத்துப்பாட்டும் வந்தன.

லாக்கப்பில் ஐந்து பேர், அதில் மூன்று பேர் நம்மவர்கள். நாட்டு மக்களில் இந்தியர்களாகிய நாம் சுமார் 7 விழுக்காடு. போலீஸ் படையில் 5 விழுக்காடுகூட இல்லை. கம்பிக்கு உள்ளே மட்டும் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஊதாச் சட்டை போட்ட ஒரு பையன் அவருடைய பெயர்ப் பட்டையைப் படித்துவிட்டு, “அண்ணே, தமிழா?” என்றான். “ஆமாம்பா.” அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான். ஒரு ‘ஆமாம்பா’வுக்குத் தூங்குகிற அளவு அவன் பயந்திருந்தான் என்பதைச் சார்ஜண்ட் வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தார்.

மே 16, ஞாயிறு

ரோட் பிளாக். பதினொரு மணி வெயில். எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர் பழைய ஹோண்டா கப்பில் வந்தார். நிறுத்தச் சொல்லிக் கை காட்டியதும் இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் கூப்பி நின்றார்.

“தாத்தா, இறங்க வேண்டியதில்ல. ஒக்காந்தபடியே சொல்லுங்க, எங்க போறீங்க?”

“மருந்து வாங்கணும் ஐயா.”

“ஐயா வேணாம் தாத்தா. போங்க.”

அவர் ஏறவில்லை. பிளாக்கைத் தாண்டும் வரை வண்டியை உருட்டிக்கொண்டே போனார். பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம் போடலாம் என்று மார்ச்சில் வந்த சட்டத்துக்குப் பயந்தாரா, சட்டைக்குப் பயந்தாரா?

அம்மாவைப் பெற்ற பாட்டி கிள்ளானில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று அவர் சொன்ன கதையைச் சார்ஜண்ட் சின்ன வயதில் கதையாகவே கேட்டார். வளர்ந்த பிறகுதான் அது சரித்திரம் என்று தெரிந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னால் நின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் பெரிய குரல் ஆர். எச். நாதன். கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். மூன்றாவது கோரிக்கைக்கு ஒரு காசு செலவில்லை. மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். தோட்டங்களுக்குள் போலீசும் பட்டாளமும் வந்தன. தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள்.

இந்த மே மாதத்தோடு எண்பது ஆண்டு. அதே கிள்ளான். இன்று நிறுத்தியது அவருடைய கை.

மே 17, திங்கள்

ஒன்றுமில்லை. மழை.

மே 21, வெள்ளி

நேற்று கோம்பாக்கில் இன்னொருவர். கைதான அன்றே இறந்துவிட்டார். பாதுகாவலர் வேலை பார்த்தவராம். மனைவி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “இன்னைக்கு யூனிஃபார்ம வெளிய காயப் போட வேணாம், உள்ளயே போடுறேன்” என்றார். சார்ஜண்ட் பதில் சொல்லாமல் இருந்துவிட்டார்.

மே 29, சனி

ஒரே நாளில் 9,020 பேருக்குத் தொற்று. கிள்ளான் பெரிய மருத்துவமனையில் கட்டில் இல்லை என்கிறார்கள்.

ஜூன் 5, சனி

இந்த முறை தென் கிள்ளான். முந்தாநாள் காவலில் ஒருவர் இறந்திருக்கிறார். நம் ஊர் என்றதும் செய்தியாக இல்லை. பக்கத்து வீட்டு இழவு மாதிரி இருக்கிறது. ஒட்டுக்கடைக்காரர் இன்று பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம். “உங்க ஆளுங்க என்னதான் செய்றாங்க சார்ஜன்?” என்றார். பத்து நிமிடம் கழித்து, ஸ்டேசனிலிருந்து கூப்பிட்ட ஒருவர், “உங்க ஆளுங்க முகநூல்ல என்ன எழுதுறாங்க பாத்தீங்களா?” என்றார். ‘உங்க ஆளுங்க’ என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்கள்.

காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை நடந்தே ஆக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 334-ஆம் பிரிவு. பயிற்சியில் படித்த பாடம். 2005-இல் அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகள் கொடுத்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. பதினாறு ஆண்டாகியும் அது வரவில்லை. அது வர வேண்டும் என்று சார்ஜண்ட் நினைக்கிறார். கான்டீனில் வாய் திறந்து சொன்னதில்லை, நினைக்கிறார்.

2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் குகன் இறந்தபோது அவர் கார்ப்பரல். குகனுக்கு வயது 22. அந்த உடம்பின் படங்களைப் பார்க்காத தமிழர் வீடு இல்லை. அந்த வழக்கில் சிறைக்குப் போனது ஒரு கான்ஸ்டபிள், அவரும் தமிழர். அப்போது ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். தமிழனைத் தமிழனே அடித்தான் என்றார்கள் சிலர். அடிமட்டத்துத் தமிழனை மட்டும் மாட்டிவிட்டார்கள் என்றார்கள் சிலர். இரண்டையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது நினைவிருக்கிறது.

2017 பிப்ரவரியில் வட கிள்ளானில் இறந்த பாலமுருகன் அதைவிட உறுத்துகிறார். தடுப்புக் காவலை நீட்டிக்க மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோகவில்லை. மறுநாள் விடிவதற்குள் லாக்கப்பில் உயிர் போயிருந்தது. யார் அடித்தார், அடிக்கவில்லை என்பதெல்லாம் இருக்கட்டும். ஒரு வண்டி, ஒரு டிரைவர், அரை மணி நேரம். அதுகூடக் கிடைக்கவில்லை.

அப்பா பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலை. 2014-இல் இடித்துப்போட்ட ‘நூறு குவாட்டர்ஸ்’ வரிசைகளுக்குப் பக்கத்தில் வீடு. மகன் போலீசில் சேர்கிறேன் என்றபோது தெருவில் பலர் முகம் சுளித்தார்கள். “உள்ள நம்ம ஆளு ஒருத்தன் இருக்கட்டும்” என்றது அப்பா மட்டும்தான். உள்ளே இருந்து என்ன செய்வது என்று அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜூன் 11, வெள்ளி

இரவு பதினொன்றரைக்குக் கீழ் வீட்டு அக்கா கதவைத் தட்டினார். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது.

“தம்பி, பையன கூட்டிட்டுப் போய்ட்டாங்க. சாயங்காலம். எந்த ஸ்டேசன்னு சொல்லல.”

“போன் பண்ணானாக்கா?”

“இல்ல. போன் அணைஞ்சிருக்கு. கூட இருந்த பையந்தான் ஓடி வந்து சொன்னான்.”

அக்கா அழவில்லை. பையனுடைய ஆஸ்துமா மருந்து கையில் இருந்தது. அந்த நீலக் குழாயைப் பார்த்ததும் சார்ஜண்டுக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது.

கைதானவர் தம் உறவுக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உரிமை உண்டு, 28ஏ பிரிவு. இருபத்து நாலு மணி நேரத்துக்குமேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். இதெல்லாம் அக்காவுக்குச் சொன்னார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: “உசுரோட இருக்கானா?”

மற்றவர் கேசில் தலையிடுவது அவருக்கு நல்லதில்லை. ஏன் கேட்டாய், எவ்வளவு வாங்கினாய் என்று நாளைக்கே கேள்வி வரலாம். ஓய்வுக்கு இன்னும் ஏழு ஆண்டு இருக்கிறது. மனைவி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். குவளையைக் கையில் எடுத்தவர் அதை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மூன்று இடங்களுக்குப் போன் போட்டார். மூன்றாவது இடத்தில் இருக்கிறான் என்றார்கள். பேசியவருக்கு இவரைத் தெரியும். “ஆஸ்துமாக்காரன் துவான், மருந்து கொண்டு வருகிறார்கள், லாக்கப் டைரியில் எழுதிவிடுங்கள்” என்று மலாயில் சொன்னார். எழுதிவிடுங்கள் என்பதை இரண்டு தடவை சொன்னார். பிறகு அக்காவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ரோட் பிளாக். கான்ஸ்டபிள் பையன் இவரைப் பார்த்துச் சல்யூட் அடித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா இறங்கப் போனார்.

“ஒக்காருங்கக்கா” என்றார். குரல் கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது.

ஜூன் 12, சனி

நாலு நாள் ரிமாண்ட்.

ஜூன் 15, செவ்வாய்

பையன் வந்துவிட்டான். மாடிப்படியில் எதிரே வந்தவன் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டான். மருந்து கைக்கு வந்ததா என்று கேட்க நினைத்தார். அவன் கண் இவருடைய பூட்சைத்தான் பார்த்தது.

ஜூலை 1, வியாழன்

கீழ் வீட்டுச் சன்னலில் வெள்ளைத் தலையணை உறை தொங்குகிறது. நாடு முழுக்க இதே கொடிதான் இப்போது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வெள்ளைத் துணி கட்டலாம் என்று யாரோ தொடங்கியது பரவிவிட்டது. அக்கா துப்புரவு வேலை பார்த்த கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் அந்த வாசலில் அரிசி, மீ, முட்டை எல்லாம் குவிந்துவிட்டன. ஒட்டுக்கடைக்காரர் பத்துப் பொட்டலம் சோறு அனுப்பியிருந்தார். மனைவி எண்ணெயும் பருப்பும் கொண்டுபோனார். சார்ஜண்ட் போகவில்லை. தாம் போய் நின்றால் அந்த வீட்டுக்குள் மூச்சு முட்டுமோ என்று இருந்தது. இத்தனை நல்லவர்கள் இருக்கிற தாமானில் குடியிருக்கிறோம் என்று நினைக்கும்போது கண் கலங்கியது.

ஜூலை 3, சனி

சிலாங்கூரின் பெரும்பகுதியில் ஆணை இன்னும் கடுமையாகிவிட்டது. டியூட்டிக்கு இறங்கும்போது பையன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். ஒதுங்கவில்லை.

“அண்ணே, அன்னைக்கு நீங்கதான் போன் பண்ணீங்களா?”

“ஏன்பா?”

“ராத்திரி ஒருத்தர் வந்து பேரு கேட்டாரு. புக்ல எழுதிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் யாரும் வரல.”

அதற்கு முன்னால் யார் வந்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். மணி ஏழு ஐம்பது. எட்டுக்கு ரோல் கால். “அப்புறம் பேசுவோம் தம்பி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ரோட் பிளாக்கில் நின்ற பத்து மணி நேரமும் அது ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 4, ஞாயிறு

பையன் வீட்டில் இல்லை. லோரியில் சாமான் ஏற்றுகிற வேலைக்குப் போகிறானாம். அக்கா சொன்னார்.

ஜூலை 6, செவ்வாய்

இரவு லாக்கப் டியூட்டி. நோட்டை முதல் தடவையாக இங்கே கொண்டுவந்திருக்கிறார். ஏழு பேர். இரண்டு மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தார். இரண்டரைக்கு ஒரு தடவை. நாலாவது அறையில் இருப்பவருக்கு மூச்சு இழுக்கிறது, நெற்றி சுடுகிறது. பெயர், நேரம், சொன்னது, செய்தது எல்லாவற்றையும் லாக்கப் டைரியில் எழுதியாயிற்று. மருத்துவமனைக்குக் கொண்டுபோக இரண்டு மணி முப்பத்தைந்துக்கு வண்டி கேட்டார். இரண்டு ஐம்பதுக்கு மறுபடி கேட்டார்.

மூன்று மணி ஐந்து நிமிடம். மறுபடி கேட்கப் போகிறார்.