ஒண்டிக்கடையில் வார்த்த வண்ண மெழுகுவர்த்தி

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்தால், ஏரிக்கு அருகிலேயே ஒண்டிக்கடைச் சந்தி இருக்கிறது. பெயர் ஒரு கடையைத்தான் சொல்கிறது. கடைகளோ இன்று பல. சென்ற டிசம்பரில் அங்குள்ள எங்கள் தங்கையின் இல்லத்தில் மூன்று நாள் தங்கியிருந்தோம்.

முதல் மாலையே காற்றில் மின்சாரம் நின்றது. தங்கை ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தாள். அதில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மெழுகுவர்த்தித் துண்டுகள். அவ்வாண்டு இறைவனடி சேர்ந்த அவளுடைய மாமியார், பல கிறிஸ்துமஸ் பண்டிகைகளில் எரிந்தவற்றின் மிச்சத்தைச் சேர்த்து வைத்திருந்தார். “பாட்டியின் மெழுகில் குடிலுக்கு ஒரு விளக்கு வேண்டும்” என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். அந்தப் பொறுப்பை நாங்களாகவே ஏற்றுக்கொண்டோம்.

முறை எளியதுதான். பருத்தி நூலை மூன்று புரியாகப் பின்னி, உருகிய மெழுகில் தோய்த்துத் திரியாக்க வேண்டும். எண்ணெய் தடவிய டப்பாவின் நடுவே அதை நிறுத்தி, சுற்றிலும் வண்ணத் துண்டுகளை அடுக்கி, வெண்மெழுகை உருக்கி ஊற்ற வேண்டும். மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்கலாகாது. கொதிநீருக்குள் வைத்தே உருக்க வேண்டும். நெருப்புப் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது பேராபத்து. மூடியால் மூடி அணைக்க வேண்டும். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மெழுகு உருக அறுபது டிகிரி அளவே போதும்.

நாங்கள் செய்த பிழை அவசரம். உருகியதும் அந்தச் சூட்டோடேயே ஊற்றினோம். பாட்டியின் வண்ணங்கள் கரைந்து ஒன்றோடொன்று கலந்து, சேற்று நிறமாயின. டப்பாவில் பாதி போயிற்று. சின்னவள் அழவில்லை, எங்களைப் பார்த்தாள். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணா, இதுவும் பாகு போலத்தான், பதம் பார்க்க வேண்டும்” என்றாள் தங்கை. சூடு மிகுந்தால் வண்ணம் கரையும். குறைந்தால் மலைக்குளிரில் தகரத்தைத் தொட்டவுடனே மெழுகு உறைந்து, துண்டுகளின் இடையே பொந்து விழும். ஆகவே டப்பாவை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினாள். மெழுகை இறக்கி வைத்து, ஓரத்தில் ஆடை படியப் போகும் தறுவாயில் மெல்ல ஊற்றினாள். (சமவெளியில் டப்பாவைச் சூடாக்கும் இந்த வேலை அவ்வளவாகத் தேவைப்படாது.) ஆறும்போது மெழுகு சுருங்கித் திரியடியில் குழி விழுந்தது; அதை நிரப்ப ஒரு கரண்டி மெழுகை முன்பே எடுத்து வைத்திருந்தாள்.

இரவு முழுதும் ஆறவிட்டோம். காலையில் டப்பாவைக் கணநேரம் வெந்நீரில் காட்டிக் கவிழ்த்ததும், வெண்மைக்குள் சிவப்பும் பச்சையும் நீலமும் விளிம்பு கெடாமல் நின்றன. குடிலில் ஏற்றியபோது, நடுவில் சுடர் இறங்க இறங்க அந்தத் துண்டுகள் உள்ளிருந்து ஒளிர்ந்தன. சின்னவள் இடைவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தாள், எந்தத் துண்டு எந்த ஆண்டினதென்று.

சேற்று நிறத்ததை நாங்கள் சேலத்துக்குக் கொண்டுவந்தோம். சித்திரை வெயிலில் அது அலமாரியிலேயே இடுப்பொடிந்து சாய்ந்துவிட்டது. இன்னும் ஏற்றவில்லை.