150 ரூபாய் ரே-பான்

"கண்புரை ஆரம்பம்தான் சார். வெயிலில் கூலிங் கிளாஸ் இல்லாமல் போகாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அசல் ரே-பான் விலையை விசாரித்தேன். எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை!

பாரிமுனை நடைபாதையில் அதே ஏவியேட்டர் 300 ரூபாய் என்றார்கள். பேரம் பேசி 150-க்கு முடித்தேன். அமெரிக்க விமானிகளுக்காக உருவாகி 1937-ல் கடைக்கு வந்த வடிவம். லென்ஸ் மூலையில் பெயர்கூட இருந்தது. 'யுவி 400' என்று ஸ்டிக்கர் வேறு. 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று அர்த்தம். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாமே! கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணின் பாப்பா விரியும். லென்ஸ் கதிரைத் தடுக்காவிட்டால் வெறும் கண்ணே மேல்.

அதனால் போடுவதற்கு முன்பே எங்கள் தெரு கண்ணாடிக் கடையில் கொடுத்தேன். சின்னக் கருவியில் வைத்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "பேர் இல்லாதது ஒண்ணு இருக்கு சார், 450 ரூபாய்" என்று எடுத்து, அதையும் என் எதிரிலேயே சோதித்துக் காட்டினார். அதுதான் இப்போது என் மூக்கின் மேல். ஆயிரக்கணக்கில் கேட்பது பெயருக்குத்தான் போலிருக்கிறது.

பழையதைப் பேரன் கேட்டான். லென்ஸ் இரண்டையும் கழற்றிவிட்டு ஃப்ரேமை மட்டும் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் வீடு முழுக்கச் சுற்றுகிறான்.