கறுப்புத் தாத்தாவும் வெள்ளைப் பேரனும்

அமெரிக்காவில் டெட்ராய்ட்டை ஒட்டினாற்போல் டியர்பார்ன் என்று ஓர் ஊர். ஹென்றி ஃபோர்டின் சொந்த மண். அவர் பெயரில் ஒரு பிரமாண்ட மியூசியம், பக்கத்திலேயே கிரீன்ஃபீல்டு வில்லேஜ். அங்கே நிஜமான மாடல் டி காரில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு அடிக்கிறார்கள். விடுவேனா? ஏறிவிட்டேன்.

டிரைவர் காலடியில் மூன்று பெடல்கள். 'அட, நமக்குத் தெரிஞ்சதுதானே' என்று நினைத்தால் போச்சு! இடது பெடல் கியர், நடுவில் ரிவர்ஸ், வலதில் பிரேக். ஆக்ஸிலரேட்டர்? ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குச்சி! பெட்ரோலை இழுக்கப் பம்ப் கிடையாது; டேங்க்கிலிருந்து அதுவாக இறங்கி வரணும். பெட்ரோல் குறைவாக இருந்தால் செங்குத்தான மேட்டில் ரிவர்ஸில்தான் ஏறுவார்களாம்.

ஆனால் தாத்தாவைக் கிண்டல் பண்ணாதீர்கள். 1908-ல் வந்தபோது விலை 850 டாலர். 1913-ல் அசெம்பிளி லைன் வந்து, பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் வேலை ஒன்றரை மணியில் முடிந்தது. 1920-களில் விலை 300 டாலருக்கும் கீழே! 1914 முதல் 1925 வரை ஒரே கலர், கறுப்பு. கடன் என்றால் ஹென்றிக்கு ஆகாது. 1923-ல் ஒரு திட்டம் போட்டார்: வாரம் 5 டாலராக பாங்கில் கட்டிக்கொண்டே வாருங்கள், முழுப் பணமும் சேர்ந்ததும் கார். நம்ம சீட்டு மாதிரி! எதிரில் ஜெனரல் மோட்டார்ஸோ, 'காரை எடுத்துட்டுப் போங்க சார், பணம் மெதுவா வரட்டும்' என்றது; கலர் கலராகவும் கொடுத்தது. ஜனங்கள் எங்கே போவார்கள்? ஒன்றரைக் கோடி கார்களோடு 1927-ல் தாத்தா ரிட்டயர்டு.

மியூசியத்துக்குள் போனால், வெள்ளை வெளேரென்று பேரன்: முதல் நம்பர் மஸ்டாங். 1964 ஏப்ரல் 17-ல் அறிமுகம். லீ ஐயகோக்கா குறி வைத்தது இளவட்டங்களை. உடம்பு சிலிம், விலை 2,368 டாலர். உள்ளே முக்கால்வாசி சாதுவான ஃபால்கன் காரின் பாகங்கள்தான்! வி-8 என்ஜின், ரேடியோ, ஏ.சி. எல்லாம் தனிக் காசு. சாப்பாடு விலையைப் பார்த்து ஓட்டலில் நுழைந்தவன், ஸ்பெஷல் ஐட்டங்களோடு பில்லைப் பார்க்கிற கதை. முதல் நாளே 22,000 ஆர்டர்!

இந்த முதல் நம்பர் விற்பனைக்கே வந்திருக்கக் கூடாதாம். கனடாவில் ஒரு பைலட் பார்த்த மாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கம்பெனி கெஞ்சியும் கொடுக்கவில்லை. 1966-ல் வேறொரு புது மஸ்டாங்கைக் கொடுத்த பிறகுதான் இது திரும்பி வந்தது.

தாத்தா தேவையை விற்றார். பேரன் ஆசையை விற்றான். என் மூளை தாத்தாவுக்குத்தான் ஓட்டுப் போட்டது. கால் மட்டும் பேரனைவிட்டு நகர மாட்டேன் என்றது.

அடுத்த தடவை ஷோரூமில் கலர் தேர்ந்தெடுக்கும்போது ஐயகோக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். மாசாமாசம் தவணை கட்டும்போது... ஹென்றி தாத்தா தானாகவே ஞாபகத்துக்கு வருவார்!