குடைந்தெடுத்த கல்

பெய்ஜிங்கில் பெய்ஹாய் பூங்காவின் தெற்கு வாசலை ஒட்டி, உயரமான வட்ட மதிலுக்குள் ஒரு சிறு கோட்டை இருக்கிறது. பெயர் துவான்செங். ஏரியையும் வெள்ளைத் தூபியையும் பார்க்க வருகிறவர்கள் பலர் இந்தப் படிகளில் ஏறாமலே போய்விடுகிறார்கள். நான் அந்த நகரத்துக்குப் போனதே இதற்குள் இருக்கும் ஒரு கலத்தைப் பார்க்கத்தான்.

உள்ளே பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு மண்டபம். கண்ணாடிக்குப் பின்னால் கருமையும் வெண்மையும் கலந்த பெரிய ஜேட் தொட்டி. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானுக்காக 1265-இல் செய்தது. ஒரே கல், எடை சுமார் 3,500 கிலோ. வெளிப்புறம் முழுவதும் கடல்தான். சுருண்டு எழும் அலைகள், அவற்றிலிருந்து தலை தூக்கும் டிராகன், மீன், குதிரை, பன்றி, காண்டாமிருகம். கல்லின் வெள்ளைத் திட்டுகள் எனக்கு அலையின் நுரையாகவே தெரிந்தன. சுற்றிச் சுற்றி வந்தும் அலுக்கவில்லை.

அரச விருந்துகளில் மது நிறைந்திருந்த இந்தத் தொட்டி, காலம் மாறியதும் ஒரு தாவோயிசக் கோவிலில் காய்கறி ஊறப்போடும் பாத்திரமாகிவிட்டது. சியான்லோங் பேரரசர் 1745-இல் பொன் கொடுத்து அதை மீட்டார். 1749-இல் இங்கே மண்டபம் கட்டி வைத்து, உட்புறத்தில் தன் கவிதையையும் பொறிக்கச் செய்தார்.

பொறிப்பது என்றால் உளி வேலை அல்ல. நெஃப்ரைட் வகை ஜேட்டில் நுண்ணிய இழைகள் பின்னிக் கிடக்கின்றன. உளிக்கு அது மசியாது. கடினமான மணலையோ கார்னெட் பொடியையோ நீரில் குழைத்து, காலால் மிதித்துச் சுழற்றும் இரும்புத் தட்டில் கல்லைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்நாளில் உருவம் கொண்டுவர வேண்டியிருந்தது. கலம் என்றால் இன்னும் பாடு. குழல் போன்ற துளைகருவியை இறக்கி, நடுக் கல்லைத் தண்டு தண்டாக எடுத்தார்கள். குறுகிய வாய்க் குடுவையானால், வளைந்த கருவியை உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரியாத சுவரைக் கைப்பழக்கத்தாலேயே மெலிதாக்க வேண்டியிருந்தது. கல்லுக்குள் மறைந்திருந்த ஒரு விரிசல் போதும், மாதக்கணக்கான உழைப்பு போயிற்று. சிலையைவிடக் கலத்தை நான் உயர்வாக மதிப்பது இதனால்தான்.

அடுத்து அரண்மனை அருங்காட்சியகம். மாமன்னர் யூ வெள்ளத்தை அடக்கும் காட்சியைச் செதுக்கிய 5 டன் ஜேட் மலையைச் சுற்றித்தான் கூட்டம். பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கால்கள் சிறு கிண்ணங்களிடமே நின்றன. மூடியையும் உடலையும் சங்கிலியால் பிணைத்த ஒரு குடுவை இருந்தது. கண்ணிகள் தனித்தனியே செய்து கோத்தவை அல்ல. மொத்தமும் ஒரே கல்லில் விடுவித்தவை.

1759-இல் சின்ஜியாங் சீனப் பேரரசின் வசமானபின் அங்குள்ள கோத்தான் பகுதியின் ஜேட் கல் தடையின்றி வந்தது. ஆட்டுக்கொழுப்பு என்று சேகரிப்பாளர்கள் செல்லமாகச் சொல்லும் வெண்ணிற ஜேட் அதில் முதல்தரம். முகலாயப் பட்டறைகளும் கோத்தான் கல்லைத்தான் நாடின. ஷாஜகானின் 1657-ஆம் ஆண்டு மதுக்கிண்ணம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்துஸ்தானத்திலிருந்து வந்த மெல்லிய ஜேட் கிண்ணங்களைப் புகழ்ந்து சியான்லோங் கவிதைகள் எழுதினார். அதே மனிதர், சந்தைக்காக அளவு மீறித் துளைவேலை செய்த பாத்திரங்களைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் பக்கம்தான் நானும்.

பழைய ஜேட் வாங்கும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் கல்லின் வயதை வைத்து வேலைப்பாட்டின் வயதைச் சொல்ல முடியாது. பழைய வடிவங்களைப் பின்னாளில் மறுபடி செய்வதும் சீனத்தில் நெடுநாள் வழக்கம். ஆகவே பணத்தை எடுக்குமுன் அருங்காட்சியகங்களில் நிறையப் பாருங்கள். பிறகு கடையில் கலத்தைக் கையில் வாங்கியதும் வெளியே உள்ள டிராகனை விட்டுவிட்டு, விளக்கடியில் சாய்த்து உட்சுவரையும் அடி மூலைகளையும் பாருங்கள். அங்கே அவசரம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.