முதல் ஆட்டம்

போன வாரம் வீராம்பட்டினத்திலிருந்து என் பழைய சிநேகிதன் தொலைபேசியில் கூப்பிட்டான். குரலில் பெருமையும் இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது.

"பேத்தி காலேஜ் டீம்ல சேர்ந்திருக்காடா. ஃபுட்பால். கோல் கீப்பர்! வர்ற வியாழக்கிழமை இந்த வருஷத்து முதல் மாட்ச்."

"பிரமாதம்! அவசியம் வருகிறேன்" என்றேன்.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீ வராதே" என்றான்.

ஏறக்குறைய ஐம்பது வருஷத்து சிநேகிதன் இப்படிச் சொன்னால் யாருக்குமே கோபம் வரும். எனக்கு வரவில்லை. அப்படிச் சொல்ல அவனுக்குப் பூரண உரிமை உண்டு. அந்த உரிமையை 1976-ஆம் வருஷத்தில் நானேதான் அவனுக்கு எழுதிக் கொடுத்தேன். 'எழுதி' என்ற வார்த்தையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எழுதினதால்தான் வந்தது வினை.

என் தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். உத்தியோக நிமித்தம் வீராம்பட்டினத்தில் குடியிருந்தோம். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் தாண்டியதும் கிழக்கே திரும்பினால் கடலில் போய் முட்டிக்கொண்டு நிற்கும் மீனவர் கிராமம் அது. ரோமாபுரியோடு வியாபாரம் நடத்திய அரிக்கமேடு பக்கத்திலேயே இருக்கிறது. 1945-இல் வீலர் துரை அங்கே தோண்டிப் பழைய ஓடுகளை எடுத்த சங்கதியைத் தகப்பனார் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எனக்கோ பூமிக்குக் கீழே இருந்ததைவிடக் கடற்கரை மணலுக்கு மேலே நடந்ததில்தான் அக்கறை. சாயங்காலமானால் அங்கே கால்பந்து நடக்கும். மணலில் இரண்டு துடுப்புகளை நட்டுவைத்தால் அதுதான் கோல். அந்தத் துடுப்புகளுக்கு நடுவே நின்றவன்தான் என் சிநேகிதன். பெயரைச் சொன்னால் பேத்தி கோபித்துக்கொள்வாள். 'சிநேகிதன்' என்றே இருக்கட்டும்.

சிறு வயதிலிருந்து வலைக்கயிறு இழுத்த கை அவனுடையது. பந்து அந்தக் கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். ஈர மணலில் விழுந்து புரண்டு எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் பந்தை உதைப்பான். நான் ஆடியதில்லை. ஆடுகிறவர்களைப் பற்றிப் பேசுவதில்தான் எனக்குத் திறமை. உலகத்தில் எங்கள் ஜாதியார்தான் அதிகம்!

இரண்டு பேரும் புதுச்சேரி நகரத்தில் ஒரே கல்லூரியில் சேர்ந்தோம். இரண்டாவது வருஷம் அவன் கல்லூரி அணிக்கு கோல் கீப்பராகத் தேர்வானான். முந்தின வருஷம் எங்கள் அணி இறுதி ஆட்டம் வரைக்கும் போய், ஒரே ஒரு கோலில் கோப்பையைக் கோட்டை விட்டிருந்தது. ஆகையால் அந்த வருஷம் மாணவர்களின் எதிர்பார்ப்பு கரைகொள்ளவில்லை. விடுதியிலும் டீக்கடையிலும் இதே பேச்சு. ஜெயிப்போமா என்று ஒருவனும் கேட்கவில்லை. எத்தனை கோலில் ஜெயிப்போம் என்பதில்தான் அபிப்பிராய பேதம்!

இந்தச் சமயத்தில் கல்லூரியின் கையெழுத்துப் பத்திரிகையில் என் கட்டுரை ஒன்று வெளிவந்தது. என் சிநேகிதனைப் பற்றித்தான். இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். முடிவில் இப்படி ஒரு வாக்கியம்: "எங்கள் ஊர் வலையில் மீன் விழும், பந்து விழாது."

அதை எழுதி முடித்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. பிற்பாடு எத்தனையோ நாவல்கள் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் எழுதிய ஒரு வாக்கியத்தை ஊரே திருப்பிச் சொல்லக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பையன்கள் அதைக் கரும்பலகையில் எழுதினார்கள். நான் போகிற இடமெல்லாம் முதுகில் தட்டினார்கள். சிநேகிதன் மட்டும் படித்துவிட்டு, "இன்னாத்துக்குடா இதெல்லாம்?" என்றான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் செங்கழுநீர் அம்மனுக்குத் தேர். ஐந்தாவது வெள்ளிக்கிழமை நடக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைப்பார். அந்த வழக்கம் போகாமல் இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அந்த வருஷம் தேர் நிலைக்கு வந்த பத்தாம் நாள் எங்கள் முதல் ஆட்டம். திருவிழாவின் உற்சாகம் ஊரில் இன்னும் வடியவில்லை. ஒரு லாரி பிடித்து நாற்பது ஐம்பது பேர் ஏறிக்கொண்டார்கள். முன்னால் நின்றவர் சிநேகிதனின் தாய்மாமன். அவன் அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அன்றைக்குச் சீக்கிரமாக விற்று முடித்துவிட்டு, காலிக் கூடையோடு நேரே மைதானத்துக்கு வந்து கோட்டோரம் உட்கார்ந்தாள். கூடையைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

ஆட்டத்தை விஸ்தாரமாக வர்ணிக்க எனக்குத் தெம்பில்லை. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து அடித்தது மூலையில் போய் விழுந்தது. அதை யாராலும் பிடித்திருக்க முடியாது. அதற்குப் பிறகு சிநேகிதனின் கை அவன் கையாக இல்லை. சுலபமாக வந்த பந்து ஒன்று உள்ளங்கையிலிருந்து நழுவி, கால்களுக்கு நடுவே உருண்டு உள்ளே போயிற்று. கடைசியில் மூன்றாவதும் விழுந்தது. எங்கள் தரப்பில் பூஜ்யம்.

தோல்வியை நான் சகித்துக்கொண்டிருப்பேன். ஆனால் இரண்டாவது கோல் விழுந்ததும் எதிர்த் தரப்பில் ஒரு குரல் கிளம்பிற்று: "வலையில் என்ன விழுந்துச்சு?" நூறு குரல்கள் பதில் சொல்லின: "பந்து விழுந்துச்சு!" கையெழுத்துப் பத்திரிகை எப்படியோ அவர்கள் கைக்கும் போயிருந்தது! சற்று நேரத்தில் எங்கள் கல்லூரிப் பையன்களே அதில் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு மீன், நாற்றம், கூடை என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. எல்லாவற்றுக்கும் முதல் அடி நான் எடுத்துக் கொடுத்தது.

சிநேகிதனின் அம்மா எழுந்தாள். கூடையை எடுத்து மண்ணைத் தட்டினாள். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் நடந்து போனாள்.

திரும்பும்போது லாரியில் பேச்சே இல்லை. அரியாங்குப்பத்துப் பாலம் தாண்டின பிறகு மாமா வாயைத் திறந்தார்.

"திருவிழா முடிஞ்சு மொத நாள் கடலுக்குப் போறோம். வெறும் வலை வருது. கடலை ஏசிட்டுப் படுத்துக்கறோமா? மறுநாளும் போறோமில்ல?"

சிநேகிதன் பதில் சொல்லவில்லை. மாமா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வாத்தியார் மவன் எழுதினதுன்னு படிக்கச் சொல்லிக் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கடலுக்குப் போறவனைக் கரையில நின்னுக்கிட்டு, இன்னைக்கு எவ்வளவு கொண்டாருவேன்னு நாங்க கேக்கறதில்லை. அப்படிக் கேட்டா, அவன் வலையைப் பாக்கமாட்டான். கரையத் திரும்பித் திரும்பிப் பாப்பான்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த வாரம் இரண்டாவது ஆட்டம். நான் போகவில்லை. வெட்கம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால், தோற்கிற அணியோடு நிற்க எனக்கு விருப்பமில்லை என்பதுதான் நிஜம். முதல் ஆட்டத்துக்கு லாரி நிறைய வந்த ஊரிலிருந்து அன்றைக்குப் போனவர்கள் மாமாவும், வேறு இரண்டு பேரும், காலிக் கூடையோடு அந்த அம்மாளும்தான். இரு தரப்பிலும் கோல் விழாமல் ஆட்டம் முடிந்தது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கும்போது எதிரணிக்குப் பெனால்டி கிடைத்ததாம். சிநேகிதன் வலது பக்கம் பாய்ந்து அதைப் பிடித்துவிட்டானாம். தட்டிவிடவில்லை, பிடித்துவிட்டான்! இந்த 'ஆம்' விகுதிகளையெல்லாம் கவனியுங்கள். எல்லாம் கேட்ட கதை.

ராத்திரி அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "நல்லா ஆடினியாமே" என்றேன். "ஆமா. நீ பாக்கலையே" என்றான். அவ்வளவுதான். அதில் குற்றச்சாட்டே கிடையாது. சோற்றைப் பிசைந்தபடி சாதாரணமாகச் சொன்னான். அந்தப் பருவத்தில் எங்கள் கல்லூரி கோப்பைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. அவனும் கல்லூரிப் படிப்போடு ஆட்டத்தை விட்டுவிட்டு, மாமாவோடு கடலுக்குப் போய்விட்டான். அவனுடைய வாழ்நாளிலேயே சிறந்த ஆட்டம் அதுதான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை. பார்க்காததை எப்படி எழுதுவது?

அதற்குப் பிறகு, பத்திரிகையில் 'பருவத்தின் முதல் ஆட்டம்' என்று எங்கே கண்டாலும் நின்று படிப்பது என் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பாலுக்கு உள்ள மோகம் நமக்குக் கற்பனைக்கும் எட்டாது. அவர்களுடைய ஃபுட்பால் என்பது முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. அதற்கு ஏன் கால்பந்து என்று பேர் வைத்தார்களோ! மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,00,000 பேருக்கு மேல் உட்காரலாம். 2007 செப்டம்பர் 1-ஆம் தேதி அங்கே பருவத்தின் முதல் ஆட்டம். நாட்டிலேயே ஐந்தாவது இடம் என்று மதிப்பிடப்பட்டிருந்த மிச்சிகனை எதிர்த்து வந்தது, கீழ்ப் பிரிவில் ஆடும் அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற மலைநாட்டுக் கல்லூரி. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு ஏழை உறவினரை அழைப்பதுபோல அழைத்திருந்தார்கள். 34-32 என்று உறவினர் ஜெயித்துவிட்டார்! அத்தனை பேரும் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்களாம். ஆனால் அதே மிச்சிகன் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஃப்ளோரிடாவை 41-35 என்று வென்றது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2002 மே 31-ஆம் தேதி நான் புதுச்சேரியில்தான் இருந்தேன். உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். உலகச் சாம்பியனான பிரான்சும், ஒரு காலத்தில் அதன் காலனியாக இருந்த செனகலும் மோதின. பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் நிறைந்த தெருவில், ஒரு வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். செனகல் ஒரு கோல் போட்டது. பிரான்சு போடவில்லை. அந்தப் போட்டி முழுவதிலுமே பிரான்சு ஒரு கோலும் போடாமல் ஊர் திரும்பியது. அப்படியானால் முதல் ஆட்டமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதா? 2022 நவம்பர் 22-ஆம் தேதி அர்ஜெண்டினா தன் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது. டிசம்பர் 18-ஆம் தேதி, அதே மைதானத்தில், அதே அர்ஜெண்டினா உலகக் கோப்பையைத் தூக்கியது.

ஆக, முதல் ஆட்டம் ஜோசியம் சொல்லுவதில்லை. பின் ஏன் அதற்கு இத்தனை கூட்டம்? அன்றைக்குத்தான் நம் அணி இன்னும் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இருக்கிறது. நம் ஆசைக்கு விரோதமாக உலகத்தில் ஒன்றும் நடந்துவிடவில்லை. நாம் பார்க்கப் போவது ஆட்டக்காரர்களை அல்ல, நம் ஆசையை. அதை அந்தப் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிட்டுக் கோட்டுக்கு வெளியே சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறோம். எதிர்பார்ப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. அன்பு இருக்கிற இடத்தில்தான் எதிர்பார்ப்பும் இருக்கும். ஆனால் அது அன்புதானா என்பது இரண்டாவது ஆட்டத்தன்றுதான் தெரிகிறது.

இப்போது கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் புறப்படும்போது, தொலைக்காட்சிக்காரர்கள் ஒலிபெருக்கியை நீட்டி, "இந்த வருஷம் மீன்பாடு எப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் ஞாபகம் வரும். அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன.

சிநேகிதனின் தொலைபேசிப் பேச்சுக்கு வருகிறேன். பெண்கள் கால்பந்தில் தமிழ்நாட்டு அணி 2018-லும் 2023-லும் தேசியச் சாம்பியன் ஆனது. வீராம்பட்டினத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கடலூரில், சுனாமியில் பெற்றோரை இழந்த சிறுமிகள் அரசு இல்லத்தில் வளர்ந்து பெயர் சொல்லும்படி பந்து ஆடினார்கள். இதையெல்லாம் அவனிடம் மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன், 'பாட்டன் வலை, பேத்தி கை' என்று ஒரு வாக்கியம் மனசில் உருவாகிக்கொண்டிருந்தது!

மறுமுனையில் சிநேகிதன் சிரித்தான். "எழுத ஆரம்பிச்சிட்டே பாரு. அதனாலதான் வராதேன்னேன்."

"சரி, இரண்டாவது மாட்ச் என்றைக்கு?" என்று கேட்டேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அலை ஓசை மட்டும் கேட்டது.

"திங்கட்கிழமை. அதுக்கு வா" என்றான். "மொத மாட்ச்ல என்னா ஆனாலும் வா. ஆனா பேனாவை வீட்லயே வச்சிட்டு வா."