பண்டமாற்றில் ஓர் இளைஞன்

பேஸ்போலைப் பற்றிய கட்டுரைக்கு இவ்விதழில் என்ன அலுவல் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். மனிதனுக்கு விலை பேசப்படும் இடம் விளையாட்டரங்காக இருப்பினும் அது நமது அக்கறைக்குப் புறம்பானதன்று என்பதே எனது விடை.

2016 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையின்போது சிக்காகோவிற் குடியேறியுள்ள என் தமையனார் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அந்நகரின் வடபாகத்தைச் சேர்ந்த கப்ஸ் அணி 1908 இல் உலகத் தொடரை வென்றது; அதன்பின் நூற்றெட்டு ஆண்டுகளாக வெல்லவில்லை. தந்தை மகனுக்கு வீட்டையும் நிலத்தையும் விட்டுச் செல்வதுபோல் அங்கே தோல்வியையும் விட்டுச் செல்கிறார்கள். இவ்வாண்டாவது அது முடியாதா என்ற ஏக்கம் முற்றியிருந்த வேளையில், ஜூலை 25 ஆந் திகதி, கப்ஸ் நிருவாகம் நியூயோர்க் யாங்கீஸ் அணியோடு ஒரு மாற்று ஒப்பந்தம் செய்தது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரே வியாபாரம் என்பதுதான். இடக்கரடக்கலில்லாத பெயர்.

கப்ஸ் பெற்றது அரோல்டிஸ் சப்மன் என்னும் கியூப வீரரை. மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் பந்தெறிந்து ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தை முடித்து வைப்பவர் அவர். ஆயினும் அவருடைய ஒப்பந்தம் அவ்வாண்டின் ஆட்டகாலத்தோடு முடிவடைவது. கொடுத்தது நால்வரை. அவர்களுள் எல்லோர் கண்ணும் பதிந்திருந்தவர் கிளேபர் டொரெஸ். வெனிசுவேலாவின் கரகாஸ் நகரிற் பிறந்தவர். 2013 இல், பதினாறு வயதில், கப்ஸ் அணியோடு கையொப்பமிட்டவர். விற்கப்பட்டபோது அவருக்கு வயது பத்தொன்பது. தென் கரோலினாவின் மேர்ட்டில் பீச் என்னும் கடற்கரைப் பட்டினத்திலே கீழ்நிலை அணியொன்றில் ஆடிக்கொண்டிருந்தார்.

அயல்வீட்டிலே ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் இருந்தார். எழுபது வயது கடந்தவர். மாலையானதும் எங்கள் பின்விறாந்தைக்கு வந்துவிடுவார். அவருக்கும் பதினேழு வயதினனான தமையனார் மகனுக்கும் இவ்விடயத்தில் ஓயாத வாதம். இளைஞன் பக்கத்தில் இளைஞன் நின்றான் என்று எண்ணிவிட வேண்டாம். அவனுடைய கணக்கு வேறு.

"சித்தப்பா, மூண்டு மாசத்துக்கு ஆறு வருசத்தைக் குடுக்கிறாங்கள். விசர் வேலை!"

மேனிலை அணிகளிலே ஆடத் தொடங்கும் வீரர் ஆறாண்டுச் சேவை முடியும்வரை தம் விருப்பப்படி வேறு அணிக்குப் போக இயலாது. அவன் சொன்ன ஆறு வருடம் அதுவே. சந்தையில் முழு விலை கொடாமலே அணி அனுபவிக்கக்கூடிய இளமைக் காலம் அது. அந்த ஆறு வருடமும் யாருடையவை என்று கேட்டேன். "கப்ஸின்ரை" என்றான், தயக்கமின்றி.

முதியவரின் வழக்கு உருக்கமானது. 1964 இல் இதே கப்ஸ் அணி லூ புரொக் என்னும் இளைஞரைச் செயின்ற் லூயிஸ் அணிக்குக் கொடுத்து, ஏர்னி புரொலியோ என்ற பந்தெறிவாளரை வாங்கியது. புரொலியோ கப்ஸுக்காக வென்ற ஆட்டங்கள் ஏழு. புரொக்கோ வரலாறு படைத்தார். அந்த ஏமாற்றத்தை வாலிப வயதில் விழுங்கியவர் இவர். எனினும் இம்முறை வியாபாரத்தை ஆதரித்தார். எதிர்காலம் என்பது அதைக் காண இருப்போருக்கு உரியது, என் தந்தை காணாமலே போனார் என்றார். அவரை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இடையிலே அண்ணியார் தேநீரோடு வந்து ஒன்று கேட்டார்: "வீட்டிலை பொம்பிளையோடை பிரச்சினைப்பட்டுத் தடை வாங்கினவனுக்கோ எல்லாரும் கைதட்டப் போறியள்?" உண்மைதான். வழக்குத் தொடரப்படாதபோதிலும், குடும்ப வன்முறை பற்றிய விதிகளின்கீழ்ச் சப்மன் அவ்வாண்டுத் தொடக்கத்தில் 30 ஆட்டங்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்தார். இருவரும் சற்று மௌனமாயினர். பின்னர் டொரெஸின் துடுப்பாட்ட விகிதத்தைப் பற்றிப் பேச்சுத் தொடர்ந்தது.

தமிழ் படித்தவன் சொல்லிலே சிக்கிக்கொள்வது இயல்பு. இத்தகைய இளைஞரை அங்கே 'புரொஸ்பெக்ற்' என்கிறார்கள். உலோகம் கிடைக்கலாமென்ற நம்பிக்கையில் தோண்டிப் பார்க்கும் நிலத்துக்கும் அதே சொல்தான். நிலத்தை ஒருவர் வைத்திருக்கலாம், விற்கலாம். அதனிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை. இத்தொனி எனக்கு முற்றிலும் புதிதுமன்று. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில், "எங்களுக்கு இம்முறை நாலு மருத்துவபீடம்" என்று பிள்ளைகள் எண்ணப்படுவதை ஆசிரியர் அறையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

'என்னைக் கேட்டீர்களா' என்று துணிந்து வினவிய ஒருவர் உண்டு. புரொக்குடன் செயின்ற் லூயிஸ் அணியில் ஆடிய கேர்ட் பிளட் என்னும் கறுப்பின வீரர் அவர். பன்னிரண்டு ஆண்டு அங்கே ஆடியபின் 1969 ஒக்ரோபரிற் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டார். தாம் வாங்கி விற்கும் சொத்தல்ல என்று ஆணையாளருக்கு எழுதினார், போக மறுத்தார், வழக்காடினார். 1972 இல் உயர்நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்டவாழ்வு அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. 1975 டிசெம்பரில் நடுவர் தீர்ப்பொன்று வேறு இருவரை விடுவித்தபோது அக்கதவு திறந்தது. இன்று மேனிலையிற் பத்தாண்டும், அவற்றிற் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியிலும் ஆடியவர் தம்மை மாற்றுவதைத் தடுக்கலாம். கீழ்நிலை வீரர்கள் 2022 இல் தொழிற்சங்கத்தில் இணைந்தனர்; அதன் பயனாக 2023 இல் அவர்களுள் மேற்படியினரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டொலரிலிருந்து 35,800 டொலராயிற்று. போராடிப் பெற்றவை. ஆனால் பத்தொன்பது வயதினனை விற்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

வியாபாரம் பலித்தது. நவம்பர் 2 ஆந் திகதி கிளீவ்லாந்தில் நடந்த ஏழாவது ஆட்டத்திற் சப்மன் ஹோம் ரன் கொடுத்து முன்னிலையை இழந்தார்; மழை பதினேழு நிமிடம் ஆட்டத்தை நிறுத்தியது; பத்தாவது சுற்றிற் கப்ஸ் 8–7 என வென்றது. றிக்லி மைதானத்தின் செங்கற் சுவரிலே மக்கள் மறைந்த தாய்தந்தையரின் பெயர்களைச் சுண்ணக்கட்டியால் எழுதினர். தபாற்காரரும் ஒரு பெயர் எழுதினார் என்று தமையனார் அறிவித்தார். டிசெம்பரிற் சப்மன் ஐந்தாண்டுக்கு 86 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் யாங்கீஸுக்கே திரும்பினார். டொரெஸும் அங்கேயே இருந்தார். 2018 இல் மேனிலைக்கு வந்து, 2019 இல் 38 ஹோம் ரன் அடித்தார். வெற்றியோடு வாதம் ஓய்ந்துவிட்டது என்றான் பெறாமகன். கணக்கைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி.

கொடுக்கப்பட்ட நால்வருள் ரஷாட் குரோபோர்ட் என்றொருவரும் இருந்தார். அவரும் அவ்வாண்டு மேர்ட்டில் பீச்சிலே, டொரெஸுடன் ஒரே அணியில் ஆடியவர். அந்த மூன்று வாரத்தில் எங்கள் விறாந்தையில் அவருடைய பெயரை எவரும் சொல்லக் கேட்டிலேன்.